பேஸ்பாலில் 13 வயதுப் பையனுக்கு எந்த இடம் சரி?

கேள்வி: மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. சென்னையில் நான்கு வருடமாக கிரிக்கெட் கோச்சிங் போகிறான், பாயின்ட்டில் நன்றாக ஃபீல்டிங் செய்வான். பேட்டிங் இடது கை, எறிவது வலது கை. உயரம் 160 செ.மீ. இந்த வருடம் பள்ளியின் பேஸ்பால் டீமில் சேர்ந்திருக்கிறான். கோச் அவனை ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் வலது பக்கம், நிறுத்துகிறார். த்ரோ வேகமாக இருப்பதால் பிட்சர் (பேட்டருக்குப் பந்து வீசுபவர்) ஆக்கிவிடலாம் என்கிறார் அவன் மாமா. எந்த இடத்தில் நின்றால் அவனுக்கு எதிர்காலம் இருக்கும்?

பதில்:

ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்துங்கள், அதாவது ஓடுபவர் தொடும் பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. மேட்ச்சில் கோச் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தட்டும், பயிற்சியில் இன்னும் ஒரு வருடமாவது அவன் ஷார்ட்ஸ்டாப்பில் பந்து எடுக்க வேண்டும். இரண்டாவது இடமாக சென்டர் ஃபீல்ட், அதாவது வெளிப்பகுதியின் நடு. பிட்சிங்கைக் கணக்கு வைத்து, கொஞ்சமாக மட்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அவனை நீங்களே சோதித்துப் பார்க்க வழியும் இருக்கிறது.

ஃபீல்டிங் இடங்கள் எல்லாம் ஒரே அளவு கடினமானவை அல்ல. கேட்சரையும் (பேட்டருக்குப் பின்னால் உட்காருபவர்) பிட்சரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டால், கடினமானதிலிருந்து எளியதை நோக்கி வரிசை ஏறக்குறைய இப்படி வரும்: ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட், தேர்ட் பேஸ், ரைட் ஃபீல்ட், லெஃப்ட் ஃபீல்ட், ஃபர்ஸ்ட் பேஸ். மேலே இருப்பவன் கீழே இறங்குவது சுலபம், கீழே இருப்பவன் மேலே ஏறுவது மிகவும் கஷ்டம். ஷார்ட்ஸ்டாப்பில் வளர்ந்த பையனுக்கு வேகமான கால், சுத்தமான கை, பலவிதக் கோணங்களிலிருந்து எறியும் பழக்கம் மூன்றும் வந்துவிடும். அவற்றோடு அவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். 13 வயதில் ஃபர்ஸ்ட் பேஸில் பூட்டப்பட்டவனுக்கு இவற்றைக் கற்கும் வாய்ப்பே கிடைக்காது.

பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்தாலும் இது தெரியும். அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகின் இறுதித் தொடரை (உலகத் தொடர்) மூன்று முறை வென்ற கேட்சர் பஸ்டர் போஸி, ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஷார்ட்ஸ்டாப்பாக வந்தவர், அங்கேதான் கேட்சராக மாற்றப்பட்டார். மூக்கி பெட்ஸ் இன்ஃபீல்டராக (பேஸ்களைச் சுற்றிய உட்பகுதியில் நிற்பவராக) தேர்வாகி, பாஸ்டன் அணியில் செகண்ட் பேஸில் இடம் இல்லாததால் 2014-இல் அவுட்ஃபீல்டுக்கு, அதாவது வெளிப்பகுதிக்கு, போனார். அங்கே உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் ஆகி, 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாகவே ஆடினார். இவ்வளவு வயதான பிறகு மேலே ஏறிய அரிதான ஆள் அவர், அதற்கும் சின்ன வயதில் இன்ஃபீல்டில் போட்ட அடித்தளம்தான் உதவியது.

ரைட் ஃபீல்டில் நிறுத்தியிருப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் ஆட்டத்தில் அவுட்ஃபீல்டில் பலமான கை உள்ளவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள், அங்கிருந்து தேர்ட் பேஸுக்குப் போகும் த்ரோ நீளமானது. உங்கள் மகனின் த்ரோவை கோச் கவனித்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வயது ஆட்டத்தில் வலது பக்கமாக ஆழமாக அடிக்கும் பையன்கள் குறைவு. ஒரு மேட்ச் முழுக்க நின்றாலும் இரண்டு மூன்று பந்துதான் வரும். இடத்தில் பிரச்சினை இல்லை, கற்பதற்குப் பந்து வராததுதான் பிரச்சினை.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் கை.

எவ்வளவு தூரம் எறிகிறான் என்று மட்டும் பார்க்காதீர்கள். கிரிக்கெட் பவுண்டரியிலிருந்து எறிந்து பழகியவன் உயரத் தூக்கி எறிந்து தூரத்தைக் காட்டிவிடுவான். 30 மீட்டர் அளந்து, ஒருவரைக் கையில் கிளவுஸோடு நிறுத்துங்கள். பத்து த்ரோ. தரையில் படாமல், மேலே வளையாமல், நிற்பவர் நகராமல் நெஞ்சு உயரத்தில் பிடிக்கும்படி எத்தனை போகிறது என்று எண்ணுங்கள். ஆறு போனால் ஷார்ட்ஸ்டாப்புக்கான கை இருக்கிறது. தூரம் எட்டுகிறது, ஆனால் பந்து பக்கவாட்டில் வளைகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பிடியில் இருக்கும், கையில் இருக்காது.

இந்தப் பிடியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கிரிக்கெட்டிலிருந்து வரும் பையன்கள் எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கிரிக்கெட் பந்தில் தையல் நடுவில் ஒரே வளையமாக ஓடும். பேஸ்பாலில் அது லாடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த லாட வளைவுக்குக் குறுக்கே, நுனிகள் தையலின் மேல் படும்படி இருக்க வேண்டும். கட்டைவிரல் நேர் கீழே. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். இப்படிப் பிடித்து எறிந்தால் பந்து நேராகப் பின்சுழற்சியோடு போகும். தையல் குறுகலாக ஓடும் இடத்தில் விரல்களை அதன் நீளவாக்கில் வைத்து எறிந்தால், வலது கைக்காரன் பந்து கடைசியில் அவனுடைய வலப்பக்கமாக இறங்கும், ஃபர்ஸ்ட் பேஸ்மேன் காலை பேஸிலிருந்து எடுக்க வேண்டிவரும். மேட்ச்சில் பந்தைப் பார்த்துப் பிடியைத் திருத்த நேரம் கிடையாது. அதனால் வீட்டில் டிவி பார்க்கும்போது பந்தைக் கிளவுஸுக்குள் போட்டு, குனிந்து பார்க்காமல், எடுக்கும்போதே விரலால் தடவிக் குறுக்குத் தையலைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தினமும் 100 முறை. மூன்று நான்கு வாரத்தில் விரல் தானாகத் திருப்பிக்கொள்ளும்.

அடுத்தது, பந்து கிளவுஸில் பட்டதிலிருந்து கையை விட்டுப் போகும் வரை ஆகும் நேரம். இதை ஃபோனிலேயே அளக்கலாம். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் வசதி பல ஃபோன்களில் இருக்கிறது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எண்ணினால், 24 ஃப்ரேம் என்பது பத்தில் ஒரு விநாடி. ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், இன்ஃபீல்டில் மொத்தக் கணக்கே இதுதான். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 90 அடி, அதாவது 27.43 மீட்டர். இந்த வயதுப் பையன் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடி வர சுமார் 5 விநாடி. தரையில் வரும் பந்து ஷார்ட்ஸ்டாப்பை அடைய ஏறக்குறைய 2 விநாடி எடுத்துக்கொள்கிறது. த்ரோ காற்றில் போக ஒன்றரை விநாடி. மிச்சம் இருப்பது ஒன்றரை விநாடி, அதற்குள் பந்தை எடுத்து, பிடித்து, அடியெடுத்து, விட வேண்டும். இதில் அரை விநாடி வீணானால் ஓடுபவன் ஏறக்குறைய மூன்று மீட்டர் முன்னேறிவிடுவான். வேகமான கை இருந்தும் பந்தை விட நேரம் எடுப்பவனைவிட, நடுத்தரக் கையோடு பந்தைச் சட்டென்று விடுபவன் இன்ஃபீல்டில் அதிகம் பயன்படுவான். பாயின்ட்டில் ஓடி வந்து ரன் அவுட் அடித்துப் பழகிய பையனுக்கு இந்த அவசரம் ஏற்கெனவே உடம்பில் இருக்கும், அதனால்தான் உங்கள் மகனுக்கு ஷார்ட்ஸ்டாப் என்று முதலில் சொன்னேன்.

இரண்டாவது, முகம். பந்து காலடியில் குதிக்கும் அந்தக் கணத்தில் முகத்தைத் திருப்புகிறானா என்று பாருங்கள். நான்கைந்து மீட்டர் தள்ளி மண்டியிட வைத்து, அவன் கிளவுஸுக்கு ஒரு சாண் முன்னால் குதிக்கும்படி இருபது பந்து போடுங்கள். கண் கடைசி வரை பந்தில் இருந்தால் நல்லது. திருப்பினால் உடனே பயந்தவன் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. நம் ஊர்ப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் கெட்டிச் செம்மண், நடுநடுவே சரளைக்கல். ஒரு முறை பந்து எகிறித் தாடையில் பட்டவன் யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்புவான். இந்தச் சோதனையை சிமென்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டில் டென்னிஸ் பந்தை வைத்துச் செய்யுங்கள். அங்கே முகம் நேராக இருந்து மைதானத்தில் மட்டும் திரும்பினால் குறை தரையுடையது. டென்னிஸ் பந்துக்கே திரும்பினால் இன்ஃபீல்டுக்கு முன் சில மாதம் மென்பந்துப் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, முதல் அடி. நீங்கள் நான்கு மீட்டர் தள்ளி, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, கைக்கொரு டென்னிஸ் பந்து வைத்து நில்லுங்கள். சொல்லாமல் ஒன்றை விடுங்கள். இரண்டாவது முறை குதிக்கும் முன் அவன் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் பிடிக்கிறான், வலப்பக்கம் விடுகிறான் என்றால் செகண்ட் பேஸ் பக்கம் யோசிக்கலாம். ஷார்ட்ஸ்டாப்பில் வலப்பக்கம் போகும் பந்தைப் புறங்கையாக எடுத்து, உடம்பு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்போதே எறிய வேண்டும், அந்த இடத்தின் மிகக் கடினமான வேலை அதுதான்.

நான்காவது, தலை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் "எத்தனை அவுட்? யார் எந்த பேஸில்? எனக்கு வந்தால் எங்கே போடணும்?" என்று கேட்டால் பதில் உடனே வர வேண்டும். வராவிட்டால் பரவாயில்லை, ஆறு மாதத்தில் வந்துவிடும். கிரிக்கெட்டில் எப்போதும் இரண்டே முனை, இங்கே நான்கு. பழகவேண்டும்.

கிரிக்கெட்டிலிருந்து கொண்டுவரும் பழக்கங்களில் சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். பந்து வரும்போது ஒரு முட்டியைத் தரையில் போட்டுத் தடுப்பது அவுட்ஃபீல்டில் சில நேரம் சரி, இன்ஃபீல்டில் எழுந்திருக்கும் நேரத்துக்குள் ஆள் பேஸில் இருப்பான். பந்தோடு சேர்ந்து கையைப் பின்னால் இழுத்துக்கொள்வது வெறுங்கையில் பிடிக்கும்போது விரலைக் காப்பாற்றும், கிளவுஸ் இருக்கும்போது அது வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்கள் பந்தை உள்ளங்கையில் வாங்குவார்கள், அது தெறித்து வெளியே விழும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள வலையின் அடிப்பக்கத்தில் வாங்கச் சொல்லுங்கள். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், கீழே வருவதற்கு மண்ணைப் பார்க்க வேண்டும். ஸ்டம்பைக் குறிவைத்து எறியும் பழக்கமும் போக வேண்டும், இங்கே குறி எதிரில் நிற்பவன் நெஞ்சு. ஓடி வருபவனைத் தொட்டு அவுட் ஆக்க வேண்டிய இடத்தில் மட்டும் பேஸுக்கு மேலே முழங்கால் உயரம்.

விக்கெட் கீப்பராக இருந்தவன் நல்ல கேட்சர் ஆவான் என்று பலரும் நினைக்கிறார்கள். உட்கார்ந்து எழும் கால், கண், துணிச்சல் ஆகியவை ஒத்துப்போகும். ஆனால் கீப்பர் எல்லாவற்றையும் கையால் பிடிக்கப் பார்ப்பான். கேட்சர், முன்னால் குதிக்கும் பந்துக்கு இரண்டு முட்டியையும் தரையில் போட்டு, கிளவுஸால் கால் இடுக்கை அடைத்து, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உடம்பால் பந்தைத் தன் முன்னாலேயே விழவைக்க வேண்டும். பிடிக்கத் தேவையே இல்லை. இதை ஏற்றுக்கொள்ள உண்மையான மனத்திடம் வேண்டும். பேட்டர் நிற்கும் ஹோம் பேஸிலிருந்து செகண்ட் பேஸ் 38.8 மீட்டர். பந்து கேட்சர் கிளவுஸில் பட்டது முதல் செகண்ட் பேஸில் பிடிக்கப்படும் வரை ஆகும் நேரம் தொழில்முறை ஆட்டத்தில் சுமார் 2 விநாடி, 13 வயதில் 2.5-க்குப் பக்கம் வந்தாலே நம்பிக்கை வைக்கலாம். உங்கள் மகன் பாயின்ட் ஃபீல்டர் என்பதால் இதை இப்போது வலியுறுத்த மாட்டேன். ஆனால் டீமில் கேட்சருக்கு ஆள் இல்லாவிட்டால், அதுதான் பள்ளி அணியில் இருந்து மாவட்ட அணிக்குப் போகக் குறுக்கு வழி. மே மாதத்தில் முழுக் கவசத்தோடு உட்காருவது விளையாட்டல்ல. மூன்று இன்னிங்ஸுக்கு மேல் ஒரே பையனை வைக்காதீர்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அவன் மாமா சொன்ன பிட்சிங். வேகமான கை கதவைத் திறக்கும் என்பது உண்மைதான். 2008-இல் இந்தியாவில் நடந்த எறிதல் போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள், பேஸ்பால் ஆடியதே இல்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. கீழ்நிலை லீகுகளில் ஆடினார்கள், மேஜர் லீக் வரை போக முடியவில்லை. கையைவிட அடிப்படைப் பழக்கத்தின் வருடங்கள்தான் அவர்களுக்குக் குறைவாக இருந்தன என்பது என் கருத்து. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 13 வயதில் முழங்கை, தோள் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை. திரும்பத் திரும்ப முழு வேகத்தில் எறிந்தால் அவை வீங்கும், விரியும். சிறுவர் பேஸ்பாலை நடத்தும் அமெரிக்க அமைப்பான லிட்டில் லீகின் விதிப்படி 13 முதல் 16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பிட்ச்தான் (பேட்டருக்கு வீசும் பந்து) உச்ச வரம்பு. 14 வயதுவரை, 66 பிட்ச் அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. 41 பிட்ச் அல்லது அதற்கு மேல் போட்டவன் அன்று கேட்சராக நிற்கக் கூடாது. இவை உச்ச வரம்புகள், புதிதாக ஆரம்பிப்பவனுக்கு 30, 40 போதும். கிரிக்கெட்டில் அவன் வேகப்பந்து போடுகிறானா? அப்படியானால் அதையும் சேர்த்து எண்ணுங்கள். சனிக்கிழமை லீக் மேட்ச்சில் எட்டு ஓவர், ஞாயிறு பேஸ்பாலில் 50 பிட்ச் என்றால் தோளுக்கு அது ஒரே கணக்கு. முழங்கையின் உள்பக்க எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் உடனே எறிவதை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், களிம்பு தடவி ஆடவைக்க வேண்டாம். வளைவுப் பந்துகள் இப்போது வேண்டாம். நேர்ப் பந்தும் அதே கை வேகத்தில் மெதுவாகப் போகும் சேஞ்ச்அப்பும் இரண்டு வருடத்துக்குப் போதும். பிட்சராகும் வாய்ப்பு பின்னாலும் இருக்கும். கென்லி ஜான்சன் கேட்சராக இருந்து 2009-இல், 21 வயதில்தான் பிட்சரானார், பிறகு பல வருடம் மேஜர் லீகின் முன்னணி க்ளோசராக (ஆட்டத்தின் கடைசியில் வந்து வெற்றியைக் காக்கும் பிட்சராக) இருந்தார்.

உயரம் பற்றி எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் வருடத்துக்கு 8 முதல் 10 செ.மீ. வரை வளர்வார்கள். அந்த மாதங்களில் கால் சொன்ன பேச்சைக் கேட்காது, எளிய பந்தைக்கூட விடுவான், வேகம் குறைந்ததுபோலத் தெரியும். அந்த நேரத்தில் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து எடுத்துவிடுவது பெரிய தப்பு. மாதம் ஒரு முறை சுவரில் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு வேகமாக ஏறும் காலத்தில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள மேட்டில் வலி வந்தால் உட்கார்ந்து எழும் வேலை, குறிப்பாக கேட்சர் பயிற்சி, குறைய வேண்டும். 183, 185 செ.மீ. வளர்ந்துவிட்டால் ஷார்ட்ஸ்டாப் ஆகாது என்பதும் சரியல்ல. கால் ரிப்கன் ஜூனியர் 193 செ.மீ. உயரத்தோடு பல்லாண்டு அங்கே நின்றார்.

சென்டர் ஃபீல்டைப் பின்வாங்கும் இடமாகச் சொன்னேன், ஏனென்றால் ஓட்டமும் பந்தைக் கணிப்பதும் இரண்டும் சேர்ந்து வேண்டிய அவுட்ஃபீல்ட் இடம் அது ஒன்றுதான். 60 கஜத்தை, அதாவது சுமார் 55 மீட்டரை, 8 விநாடியில் ஓடினால் இந்த வயதுக்கு நல்ல வேகம். கணிப்பைச் சோதிக்க, பக்கவாட்டில் போகும் பந்தைப் போடாதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். நேராகத் தலைக்கு மேலே அடியுங்கள். முதல் அடியை முன்னால் வைத்துவிட்டுப் பிறகு பின்வாங்குகிறானா, முதல் அடியே பின்னால் போகிறதா என்று பாருங்கள். சென்னையில் இதைக் காலை ஆறரைக்கும் ஒரு முறை, மாலை நாலரைக்கும் ஒரு முறை செய்யுங்கள். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று ஏறும். மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ பக்கத்து மைதானம் என்றால் உயரப் போன பந்து மேற்கே நன்றாகவே தள்ளிக்கொண்டு வரும். காலையில் பத்துக்கு எட்டு பிடித்தவன் மாலையில் நாலு பிடித்தால் அவன் கண்ணில் குறை இல்லை, காற்றைப் படிக்கப் பழகவில்லை. ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்ட் பேஸில் பந்து ஒரு விநாடிக்குள் வந்துவிடும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் பயமின்மையும் பலமான கையும் போதும். ஃபர்ஸ்ட் பேஸ் கடைசிவரை திறந்தே இருக்கும். இடது கையால் எறிபவனுக்கு மட்டும் கணக்கு வேறு. ஷார்ட்ஸ்டாப், செகண்ட், தேர்ட் மூன்றிலும் பந்தை எடுத்த பிறகு ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய அவன் உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டும், அதனால் அவனுக்கு ஃபர்ஸ்ட் பேஸ், அவுட்ஃபீல்ட், பிட்சிங் மட்டுமே மிச்சம். உங்கள் மகன் பேட்டிங் மட்டுமே இடது கை என்பதால் இது அவனுக்குப் பொருந்தாது. கிளவுஸ் வாங்கும்போது கடைக்காரர் "லெஃப்ட் ஹேண்டரா?" என்று கேட்டுத் தவறானதை எடுத்துக் கொடுத்துவிடக் கூடும். எறிவது வலது கை, எனவே கிளவுஸ் இடது கையில் மாட்டுவது. அளவு 11.25 அல்லது 11.5 அங்குலம். வளர்ந்த பிறகும் உதவும் என்று 12.5 வாங்கினால் பந்து உள்ளே தொலையும், எடுக்கக் கூடுதல் நேரம் ஆகும்.

கோச்சிடம் எப்படிப் பேசுவது? மேட்ச் நடக்கும்போது வேண்டாம், மற்ற பெற்றோர் முன்னாலும் வேண்டாம். "சார், மேட்ச்ல எங்க வேணாலும் நிறுத்துங்க. பிராக்டிஸ்ல மட்டும் ஷார்ட்ஸ்டாப்ல தினம் முப்பது பால் அடிச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். எந்த கோச்சும் இதற்கு மறுக்க மாட்டார். பத்து நேராக, பத்து இடப்பக்கம், பத்து வலப்பக்கம். எடுத்ததில் எத்தனை சுத்தமாக எடுத்து நெஞ்சுக்கு எறிந்தான் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மைதானம் கிடைக்காத நாட்களில் பிடி மாற்றும் பயிற்சியையும் டென்னிஸ் பந்துச் சோதனையையும் மொட்டை மாடி ஷெட்டிலோ பார்க்கிங்கிலோ தொடரலாம்.

எட்டு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். முப்பதில் இருபதுக்கு மேல் வந்தால் ஷார்ட்ஸ்டாப்பிலேயே இருக்கட்டும். எடுப்பது சுத்தம், த்ரோ மட்டும் தரையில் குதித்துப் போகிறது என்றால் செகண்ட் பேஸ், அங்கே த்ரோ தூரம் ஏறக்குறைய பாதிதான். த்ரோ நன்றாக இருந்து பக்கவாட்டு ஓட்டம் வராவிட்டால் தேர்ட் பேஸ். கீழே வரும் பந்து பிடிபடவில்லை, மேலே போகும் பந்தை மட்டும் சுலபமாகத் தேடிப் பிடிக்கிறான் என்றால் சென்டர் ஃபீல்டைக் கேளுங்கள். பிறகு அவன் வளர்ச்சி நிற்கும் 16 வயதுவாக்கில் இதே சோதனைகளை மறுபடி செய்து பாருங்கள்.